சாமியம்மாள் வீட்டு மிக்ஸியும் பதினோரு துண்டுகளும்

கோயம்புத்தூர்
5-1-2025

அன்புள்ள மலர் அக்காவுக்கு,

உன் சித்தி மகள் தமிழ்நிலா எழுதுவது. நான் சுகம். சளி மட்டும் மார்கழி முடியும்வரை போக மாட்டேன் என்கிறது. நீ, மாமா, உன் மாமியார் அத்தை மூவரும் சுகமா? அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. உன் வீட்டில் போன் ஒரு கையில் நிற்பதில்லை. அத்தை, மாமா, பக்கத்து வீட்டு சாமியம்மாள் அக்கா என்று கைமாறி உன்னிடம் வருவதற்குள் நான் சொல்ல வந்ததே மறந்துவிடுகிறது. எனக்கும் பகல் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் எரிகிறது. பேப்பரில் எழுதுவது சுகமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கம்பெனியில் 'உடனே' என்று ஒரு செயலி செய்கிறோம். மிக்ஸி, ஃபேன், குழாய் எது பழுதானாலும் அதில் பதிந்தால் ஆள் வீட்டுக்கு வருவார். முதல் சோதனைக்கு ஒரு ஊர் வேண்டும் என்று எங்கள் தலைவர் குஞ்சிதபாதம் சார் கேட்டார். நான் யோசிக்காமல் "நெய்வேலி, பதினாறாம் வட்டம்" என்று உன் குடியிருப்பையே சொல்லிவிட்டேன். உன்னை நம்பித்தான்.

முன்பெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வருடம் வேலை செய்து, முடித்த பிறகுதான் வெளியே காட்டுவார்கள். இப்போது அப்படி இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று, ஸ்பிரின்ட் என்பார்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் செய்தவரைக்கும் மக்களிடம் காட்டி, குறை கேட்டு, திருத்தி, அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும். தினமும் காலையில் பதினைந்து நிமிடம் எல்லோரும் நின்றுகொண்டே பேசுவோம். உட்கார்ந்தால் பேச்சு நீண்டுவிடுமாம். அதனால் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பத்து வீட்டுப் பெண்களை உன் ஹாலில் கூட்டி வை. நான் இங்கிருந்து உன் டிவியில் காட்டுகிறேன். அவர்கள் குறை சொன்னால் போதும்.

சோதனை மார்ச்சில் முடிகிறது. நன்றாகப் போனால் ஏப்ரல் ஒன்றாம் தேதி எனக்குப் பர்மனென்ட் ஆர்டர். ஆறு வருடம் கான்ட்ராக்டில் ஓட்டிவிட்டேன் அக்கா. இதைவிட்டால் வேறு வழி இல்லை.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

அன்புடன்,
நிலா


நெய்வேலி
17-1-2025

அன்புத் தங்கை நிலாவுக்கு,

மலர் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தை பொங்கலன்று வாசலை அடைத்துக் கோலம் போட்டுவிட்டு இரண்டு நாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உன் சளிக்கு மிளகு ரசம் வைத்துக் குடி, மாத்திரையை நம்பாதே.

முதல் ஞாயிறு நல்லபடியாக முடிந்தது, நீயே கேமராவில் பார்த்தாய். பதினான்கு பேர் வந்தார்கள். போண்டா, கேசரி, டீ. ஒருத்தரும் மிச்சம் வைக்கவில்லை. நீ கேமராவை அணைத்த பிறகும் சாமியம்மாள் அக்கா, "புள்ள எம்மாம் அழகா பண்ணி வச்சிருக்கு பாரு" என்று சொல்லிக்கினு இருந்தார்கள். குறை ஏதும் உண்டா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். பர்மனென்ட் என்ற இடம் வந்ததும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். உனக்குத்தான் தெரியுமே, சுரங்கத்தில் இவர் கான்ட்ராக்டாகச் சேர்ந்து பதினோரு வருடம். இந்தக் குவார்ட்டர்ஸே அத்தையின் வேலைக்குக் கிடைத்தது. "நம்ம சனத்துல ஒருத்தியாவது பர்மனென்ட் ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு இட்லி கேட்டார்.

ஒரு சந்தேகம். நீ கடைசியில் காட்டிய படத்தில் பதினோரு கட்டம் இருந்ததே, அது என்ன? எங்களுக்கு அது கோலம் மாதிரி தெரிந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புள்ள அக்கா,
மலர்விழி


கோயம்புத்தூர்
2-2-2025

அன்புள்ள அக்கா,

நான் நலம், சளி போய்விட்டது. ரசத்துக்குத்தான் அந்தப் பெருமை. அங்கே அனைவரும் நலம்தானே?

அந்தக் கோலம்தான் எங்கள் செயலியின் உள்கட்டமைப்பு. பழைய முறையில் முழு வேலையும் ஒரே பெரிய நிரலாக இருக்கும். ஒரு மூலையில் கை வைத்தால் இன்னொரு மூலையில் உடையும். அதனால் துண்டு துண்டாகப் பிரித்துவிடுவது ஒரு பாணியாகிவிட்டது. முகவரி ஒரு துண்டு, ஆள் பட்டியல் ஒரு துண்டு, நேரம் ஒரு துண்டு, இப்படிப் பதினொன்று. ஒவ்வொன்றும் தனித்தனியாக ஓடும். ஒன்றோடொன்று செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளும். கோடிப் பேர் பயன்படுத்தும் பெரிய கம்பெனிகள் அப்படிச் செய்கிறார்களாம். உங்கள் நாற்பது வீட்டுக்கு இது எதற்கு என்று நான் முதலிலேயே கேட்டேன். எங்கள் அணித் தலைவி சண்முகப்பிரியா, "நாளைக்கு வளருமில்ல?" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

ஒரு அதிசயம் கேள். போன வாரம் முகவரித் துண்டு குழம்பி, சாமியம்மாள் அக்கா வீட்டு மிக்ஸிக்கு மெக்கானிக் அய்யாசாமியை ஆறாம் வட்டத்துக்கு அனுப்பிவிட்டது. நாங்கள் பதறிப்போனோம். ஆனால் அரை மணி நேரத்தில் சரியான வீட்டில் வேலை முடிந்தது என்று பதிவாகியிருக்கிறது! எப்படி என்று ஒருவருக்கும் புரியவில்லை. சண்முகப்பிரியா 'தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு' என்று தலைப்புப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டாள். நல்ல கைதட்டல்.

இதுவரை 61 பதிவுகள். குறை ஒன்றுகூட இல்லை. எனக்கு அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. ஏதாவது ஒரு குறையாவது எழுது அக்கா. சுவரில் குறைகளுக்கென்று ஒரு பலகை வைத்திருக்கிறோம். மற்ற அணிகளின் பலகையில் ஒட்ட இடமில்லை. எங்களுடையது மொட்டையாக நிற்கிறது.

அன்புடன்,
நிலா


நெய்வேலி
23-2-2025

அன்புள்ள நிலாவுக்கு,

சௌக்கியம். உன் சௌக்கியம் அறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வலது கட்டைவிரலில் வலி, பேனா பிடிக்க முடியவில்லை. ஸ்கூட்டியும் இரண்டு தடவை பஞ்சர். இந்த மாதம் அலைச்சல் கொஞ்சம் அதிகம்.

கூட்டங்கள் நன்றாகவே நடக்கின்றன. போன கூட்டத்தில் போண்டாவுக்குப் பதில் மசால் வடை. குறை என்று எழுத எனக்கு எதுவும் தெரியவில்லை. நீயும் இராப்பகலாகக் கண் விழித்துச் செய்கிறாய், அதில் போய் என்ன குறை சொல்வது? நன்றாகத்தான் இருக்கிறது.

சும்மா கேட்கிறேன், குறையாக எடுத்துக்கொள்ளாதே. ஒருத்தர் ஒரே போனில் பல வீட்டுக்குப் பதிந்தால் ஒவ்வொரு தடவையும் வீட்டு எண், தெரு, வட்டம் எல்லாம் முதலிலிருந்து தட்ட வேண்டியிருக்கிறதாம். அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி செய்ய முடியுமா? யாரோ கேட்டார்கள். யார் என்று நினைவில்லை.

சித்தி முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பலாப்பிஞ்சு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். உன்னை நினைத்துக்கொண்டே சமைத்தேன்.

அக்கா,
மலர்


கோயம்புத்தூர்
9-3-2025

அன்புள்ள அக்கா,

நலம். உன் விரல் எப்படி இருக்கிறது? தைலம் தடவினாயா?

பெரிய செய்தி. 38 வீடுகள், 140 பதிவுகள், குறைகள் பூஜ்யம். மேலே எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை குஞ்சிதபாதம் சார் நேரில் நெய்வேலி வருகிறார். 'உடனே'யைச் சிறப்பாகப் பயன்படுத்தியவருக்கு ஒரு ஷீல்டு கொடுக்கப் போகிறார். பெயரையும் கணினியே தேர்ந்தெடுத்துவிட்டது.

திரு. கொளஞ்சிநாதன், பதினாறாம் வட்டம்.

முதலில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமாவா? சட்டைப் பையில் பொத்தான் போன் வைத்துக்கொண்டு சுற்றும் மாமாவா? பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. உட்கார்ந்து ஒவ்வொரு பதிவாகப் பார்த்தேன். 140 பதிவும் ஒரே போனிலிருந்து வந்திருக்கிறது, உன் வீட்டு ஹாலில் இருக்கும் அந்தப் போனிலிருந்து. சிம் மாமா பெயரில் இருப்பதால் மாமா பெயர் விழுந்திருக்கிறது. எல்லாமே பகல் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில். மாமாவுக்கு அதில் பேச மட்டும்தான் தெரியும், அந்த நேரத்தில் அத்தை ஆபீசில் இருப்பார்கள்.

உன் கட்டைவிரல் ஏன் வலிக்கிறது அக்கா?

இதை இன்னும் யாரிடமும் காட்டவில்லை. உண்மையை எனக்கு எழுது.

நிலா


நெய்வேலி
13-3-2025

என் தங்கம் நிலாவுக்கு,

சௌக்கியம் விசாரிக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஆமாம், எல்லாம் நான்தான்.

முதல் வாரத்தில் ஐந்தாறு பேர் பதியப் பார்த்தார்கள். கடவுச்சொல் கேட்கிறது, அது கேட்கிறது, இது கேட்கிறது என்று விட்டுவிட்டார்கள். "மலரு, நீயே போட்டுடு" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்கள். சரி, ஒன்று இரண்டுதானே என்று போட்டேன். அப்படியே பழகிவிட்டது. சமையல் முடித்ததும் ஒரு நோட்டில் எல்லார் வீட்டுப் பழுதையும் எழுதி வாங்கி வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து தட்டுவேன். சண்முகப்பிரியா அனுப்பிய அந்த அதிசயமும் நான்தான். சாமியம்மாள் அக்கா கத்தியதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆறாம் வட்டம் போனேன். பாவம், அய்யாசாமி யார் வீட்டு வாசலிலோ பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நம் பழக்கம் உனக்குத் தெரியாதா? ஒருத்தர் வீட்டில் போண்டா தின்றுவிட்டு, அந்த வீட்டுப் பெண் செய்ததை யாராவது நன்றாக இல்லை என்பார்களா? நானும் சொல்லவில்லை. பதினோரு வருடமாக ஒவ்வொரு ஏப்ரலும் இந்த வீட்டில் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறோம். உனக்காவது அது வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஷீல்டு செய்தியைக் கேட்டு இவர், "எனக்கு என்னாத்துக்கு ஷீல்டு? நான் அத்த தொட்டதே கெடையாது" என்று சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஏப்ரல் ஆறாம் தேதி ஓவர்டைம் கேட்டு வாங்கப் போகிறாராம்.

நிலா, இன்னும் மூன்று வாரம்தான். ஆர்டர் கைக்கு வரட்டும். அதுவரை சொல்லாதே. அதற்கப்புறம் உன் பாடு.

மலர்


கோயம்புத்தூர்
29-3-2025

அக்காவுக்கு,

நலம். பதினாறு நாள் உனக்குப் பதில் எழுதவில்லை. வேலை ஒன்றும் இல்லை; கோபம். இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். நான் முட்டாளாக நின்றதைவிட, நீ ஒரு மணி நேரம் விரல் வலிக்கத் தட்டியதையும் அதை வைத்து நாங்கள் இங்கே கைதட்டல் வாங்கியதையும் நினைத்தால்தான் ஆத்திரம் வருகிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

குஞ்சிதபாதம் சாரிடம் சொல்லிவிட்டேன். நீ சொல்லாதே என்றாய், என்னால் முடியவில்லை. பொய்க் கணக்கின் மேல் வாங்கிய பர்மனென்டை நான் எப்படி வீட்டுச் சுவரில் மாட்டுவேன்? சார் பதிவுப் பட்டியலைக் கடைசிவரை புரட்டினார். "ஏப்ரல் ஒன்றுக்கு ஆர்டர் வராதும்மா" என்றார். சண்முகப்பிரியா என்னோடு பேசுவதில்லை. உண்மையில் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. சோதனை ஊத்திக்கொண்டால் கான்ட்ராக்டும் போய்விடும்.

ஆனால் சார் ஆறாம் தேதி வருகிறார். ஷீல்டு கிடையாது, மாமாவிடம் தைரியமாக இருக்கச் சொல். மூன்று நிபந்தனைகள் சொல்லியிருக்கிறார். கூட்டம் உன் வீட்டில் நடக்கக் கூடாது, பூங்காவில் நடக்க வேண்டும். நான் வரக் கூடாது. என் முகத்துக்காகப் பேசிவிடுவார்களாம். மூன்றாவதுதான் உனக்குக் கஷ்டம். போண்டா, வடை, கேசரி எதுவும் கூடாது. டீகூடக் கூடாது.

நிலா


நெய்வேலி
8-4-2025

அன்புத் தங்கை நிலாவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீ எழுதியதைப் படித்து ஒரு நாள் முழுக்க அழுதேன். அப்புறம் நீ செய்ததுதான் சரி என்று தோன்றியது. நான் செய்தது தப்பு. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

இப்போது கூட்டத்தைக் கேள்.

பூங்காவில் பாய் விரித்தோம். இருபது பேர் வந்தார்கள். குஞ்சிதபாதம் சார் குச்சி மாதிரி ஒல்லியாக இருக்கிறார். கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு வேறு. அந்த மனிதருக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்காமல் நிற்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பத்து நிமிடம் எல்லோரும் தட்டு வருமா என்று என் கையையே பார்த்தார்கள். கடைசியில் சாமியம்மாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா மலரு, வெளியூர்லேருந்து வந்த மனுஷன். ஒரு வாய் டீத்தண்ணி குடுக்கல. என்னா வூடும்மா உன்னுது?"

"டீ வேண்டாங்க. குறை இருந்தா சொல்லுங்க" என்றார் சார்.

"சொல்லட்டா?"

"சொல்லுங்க."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். "ஆளு வர்றதுக்கு முன்னாடியே எத்தினி நட்சத்திரம் குடுக்கறன்னு கேக்குதுங்க. வந்தவன் மூஞ்சியே பாக்கல, என்னாத்த குடுக்கறது?" இது சாமியம்மாள் அக்கா. மூன்றாம் வீட்டு மணிமொழி, "மிக்ஸில ஜாரா, மோட்டாரான்னு கேக்குதுங்க. எது போச்சின்னு தெரிஞ்சா நான் ஏன் ஆள கூப்புடறேன்?" என்றாள். ஒருத்தி முடிப்பதற்குள் இன்னொருத்தி. சாருக்கு எழுதி மாளவில்லை.

பிறகு சாமியம்மாள் அக்கா சொன்னார்கள்: "காலைல ஒம்போது மணிக்கு ஆள அனுப்புதுங்க. எங்க வூட்டுக்காரரு சி ஷிப்ட் முடிச்சி வந்து அப்பதான் கண்ண மூடியிருப்பாரு. கதவ தட்டுனா அன்னிக்கி வூட்ல ரகளைதான்."

சார் எழுதுவதை நிறுத்திவிட்டார். "அப்ப இத்தனை நாள் எப்படிச் சமாளிச்சீங்க?"

"அதான் மலரு இருக்குதே. எந்த வூட்ல யாரு ஏ ஷிப்டு, யாரு சி ஷிப்டுன்னு அதுக்கு அத்துப்படி. அதுக்குத் தோதாத்தான் அய்யாசாமிய அனுப்பும்."

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மொத்தம் நாற்பத்தொரு குறை. அந்தச் சூட்டில் என் போண்டாவில் உப்பு அதிகம் என்றும் ஒருத்தி சொல்லிவிட்டாள். அதையும் சார் எழுதிக்கொண்டார், நாற்பத்திரண்டு. போகும்போது, "நிலா பலகைக்கு இடம் போதாது" என்று சிரித்தார். அது நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. இனி உனக்கு என்ன ஆகும்? ஒரு வரி எழுது.

அக்கா,
மலர்


கோயம்புத்தூர்
15-6-2025

அன்புள்ள மலர் அக்காவுக்கு,

நான் ரொம்ப ரொம்ப நலம். நீ, மாமா, அத்தை எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். இரண்டு மாதமாக இரண்டு வரி கார்டு தவிர ஒன்றும் எழுதவில்லை. கையில் பிடித்துச் சொல்ல ஏதாவது வரட்டும் என்று இருந்தேன்.

குறைகளைப் பலகையில் ஒட்டிவிட்டு நின்றோம். சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்தப் பதினோரு துண்டில் ஷிப்ட் எதுக்குத் தெரியும்?" ஒன்றுக்கும் தெரியாது. உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமா தூங்குகிறார் என்று கால் விரலில் நடந்தவள் நான். எனக்கே அது தோன்றவில்லை பார்.

சண்முகப்பிரியாதான் முதலில் எழுந்தாள். "எல்லாத்தையும் ஒண்ணாக்கிடலாம் சார்" என்றாள். எனக்கு ஆச்சரியம். பெரிய கம்பெனிகளிலும் இப்போது பலர் துண்டுகளைத் திரும்ப ஒன்று சேர்க்கிறார்களாம். காற்று அந்தப் பக்கம் அடிக்கிறது. பதினொன்றும் ஒரே நிரலாகிவிட்டது. உள்ளே மட்டும் அறை அறையாகத் தடுத்திருக்கிறோம். ஐந்து சுற்று வேலை. இப்போது ஒரு வீட்டைச் சேர்த்தால் முதல் கேள்வியே "இந்த வாரம் என்ன ஷிப்ட்?" என்பதுதான். கடவுச்சொல் கிடையாது. ஒரு எண்ணைக் கூப்பிட்டு வாயால் சொன்னால் போதும். ஒரு ஆள் கேட்டுப் பதிந்துகொள்வார்.

மே மாதம் முழுக்க ஐந்து வட்டங்களில் ஓட்டிப் பார்த்தோம். நிஜமான வீடுகள், நிஜமான பதிவுகள். குறைகளும் தினம் ஏழெட்டு வருகின்றன.

வெள்ளிக்கிழமை சார் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார். பர்மனென்ட் அக்கா. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு தடவை படித்தேன்.

உனக்கும் சார் ஒரு கவர் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார். நான் சிபாரிசு செய்யவில்லை, சத்தியமாக. பூங்காவில் இருபது பேர் சொன்னதை அவரே எழுதி வைத்திருந்தார். பிரித்துப் பார்த்துவிட்டு எழுது.

உன் தங்கை,
நிலா


நெய்வேலி
21-6-2025

என் பர்மனென்ட் தங்கைக்கு,

அப்படிக் கூப்பிட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. எல்லோரும் சௌக்கியம். உன் கடிதத்தை இவர் என் கையிலிருந்து பிடுங்கி, அந்த ஒரு வரியைத் தானே சத்தமாகப் படித்தார். பிறகு அத்தைக்காக இன்னொரு தடவை படித்தார். பி ஷிப்ட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்படியும் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "எங்க நிலா பர்மனென்ட் ஆயிட்டுது" என்று சொல்லிக்கினே போனாராம். சாமியம்மாள் அக்கா வந்து சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை நிலா. வாயை மூடிக்கொண்டிருந்தபோது வராதது, ஊர் வாயைத் திறந்த பிறகு வந்தது. நீ அன்று என் பேச்சைக் கேட்காதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

மறுநாள் என் கவரும் வந்தது. தபால்காரர் கையெழுத்துக் கேட்டபோது வழக்கம்போல இவரைக் கூப்பிடப் போனேன். "உங்க பேருதாம்மா" என்றார். அத்தையும் இவரும் வந்து நின்றுகொண்டார்கள். பிரித்தேன். மலர்விழி, நெய்வேலி ஒருங்கிணைப்பாளர், காலை ஒன்பது முதல் ஒன்று வரை. கேஸ் சிலிண்டர் இவர் பெயரில், சிம் இவர் பெயரில், குவார்ட்டர்ஸ் அத்தை பெயரில். என் பெயரை ஒரு ஆபீஸ் தாளில் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார்கள். "கான்ட்ராக்ட்டுன்னு போட்டிருக்குதே" என்றார்கள்.

"ஆமாங்க அத்த, கான்ட்ராக்ட்தான்" என்றேன்.

இவர் தாளை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, மடிப்புக் கலையாமல் என் கையில் கொடுத்தார். முகத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"இதுல நான் உனக்குப் பதினோரு வருஷம் சீனியர். எதுன்னா சந்தேகம் இருந்தா கேளு."

உன் அன்பு அக்கா,
மலர்விழி